திங்கட்கிழமைப் பெட்டிகள்

போன வாரம் எலியோதோரோ பர்ரகான் மேசையைக் குத்தியதோடு நிறுத்தினோம். மேசைக்கு ஒன்றும் ஆகவில்லை. கைதான் வீங்கிப் போய், இந்த ஒரு வாரமாக அவர் இடது கையால் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். வங்கியிலிருந்து இரண்டு முறை விசாரித்துவிட்டார்கள்.

குத்தியதற்கான காரணம் நினைவிருக்கும். பொகோத்தா பக்கத்து ஃபாக்கா ஊருக்கு வெளியே பர்ரகான் குடும்பத்துக்குச் சொந்தமான பூத்தோட்டத்திலிருந்து இங்கிலாந்துக்கும் மயாமிக்கும் போகிற கார்னேஷன் பூக்கள், சில மாதங்களாகப் போய்ச் சேரும்போதே தூங்கிவிடுகின்றன. தூங்குவது என்பது தொழில்காரர்களின் பேச்சு. இதழ்களெல்லாம் உள்பக்கமாகச் சுருண்டு, யாரோ விரல்களை மடக்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அப்புறம் எந்தத் தண்ணீரில் வைத்தாலும் விழிக்காது. எல்லாப் பெட்டிகளும் அப்படி ஆவதில்லை. சில பெட்டிகள் மட்டும். எவை, ஏன் என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை.

விளங்காத விஷயங்களை எலியோதோரோவுக்குப் பிடிக்காது. மூத்த அண்ணன், தோட்டத்தின் தலைமை இயக்குநர், சிற்றாலய நிதிக்குழுவின் தலைவர். விளங்காமல் இருப்பது அவருடைய பதவிகளுக்குப் பொருந்தாது. எனவே பொகோத்தாவிலிருந்து டாக்டர் உமான்யாவைத் தருவித்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. இந்தப் பக்கம் டை கட்டியவர் எவரும் டாக்டர்தான். உமான்யா தரவு ஆய்வு நிபுணர். தோட்டத்தில் இரண்டு வாரம் தங்கி, அலுவலகச் சுவரில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக மின்னுகிற பெரிய திரை ஒன்றை மாட்டி, கடைசியில் காரணத்தையும் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்.

காரணத்தின் பெயர் எடில்பெர்ட்டோ.

எடில்பெர்ட்டோ, எலியோதோரோவின் தங்கை நோராவுக்குக் கணவன். முன்பு தோட்டத்து லாரியை ஓட்டினான். முதுகுவலி வந்ததும், செப்டம்பர் கடைசியில், பூக்கள் தங்கும் அறைகளின் சாவியை அவனிடம் கொடுத்தார்கள். அக்டோபரில் புகார்கள் வரத் தொடங்கின. டாக்டர் உமான்யா இரண்டையும் ஒரே படத்தில் போட்டு நடுவே ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். கோடு மிக நேராக இருந்தது.

இன்று வெள்ளிக்கிழமை. பத்து மணிக்குப் பங்குதாரர் கூட்டம், அதாவது குடும்பம். அதில் எடில்பெர்ட்டோவை வேலையை விட்டு எடுப்பார்கள். வேலை போனால், தோட்டத்து வேலிக்குள் அவர்கள் குடியிருக்கிற வீடும் போகும்.

*

"சாக்லேட் ஆறிப் போகுது" என்றாள் நோரா.

எடில்பெர்ட்டோ சூடான சாக்லேட்டுக்குள் பாலாடைக்கட்டித் துண்டைப் போட்டுவிட்டு, அது உருகி அடியில் போவதைக் கவனித்துக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் இன்னும் பசுமைக்குடில்களின் மேலேயே படுத்துக்கிடந்தது.

"நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன் நோரா. உங்கண்ணன் வாயால கேக்கறதுக்கு அது எவ்வளவோ மேல்."

"எழுதிக் குடுத்தா நீங்கதான் காரணம்னு ஆயிடும்."

"இப்ப மட்டும் என்னவாம்?"

"இப்ப அது ஒரு கோடு. அவ்வளவுதான்."

"கோடு போட்டவர் டாக்டர். நான் லாரி ஓட்டுனவன். யார் பேச்சு எடுபடும்?"

"லாரி ஓட்டுனவரோட பொண்டாட்டி புள்ளியியல் படிச்சவ. அத மறந்துட்டீங்க."

"நான் மறக்கல. உங்க குடும்பந்தான் மறந்துச்சு."

அது உண்மை. நோரா பொகோத்தாவில் போய்ப் புள்ளியியல் பட்டம் வாங்கி வந்தவள். குடும்பம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மன்னித்து, அவளைப் புகார்ப் பிரிவில் உட்கார வைத்தது. தூங்கிய பூக்களின் படங்கள் வரும். அவள் வருத்தம் தெரிவித்துப் பதில் எழுதுவாள். ஆங்கிலத்தில் எத்தனை விதமாக வருத்தப்படலாம் என்பதில் இந்தச் சமவெளியிலேயே அவளுக்கு மிஞ்சி ஆள் கிடையாது.

"பத்து மணி வரைக்கும் பொறுங்க" என்றாள். "ஒரு மூலை பிடிபட்டுடுச்சு. இன்னொரு மூலைதான் நழுவுது."

"நழுவட்டும் விடு. கோயில்ல கும்பிட்ட மாதிரி அந்தத் திரையவே பாத்துட்டிருக்க ரெண்டு நாளா. அது என்ன வரம் குடுக்கப் போகுது?"

அவன் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டான். சண்டை போடாமல் கிளம்புகிற ஆள் அல்ல அவன். விலை ஏறிய முட்டைக்குக்கூடக் கடைக்காரனிடம் அரைமணி நேரம் மல்லுக்கட்டுவான். வேலை போகிற விஷயத்தில் இவ்வளவு சீக்கிரம் பின்வாங்குகிறானே என்று அவளுக்குத் தோன்றியது. ரோஷம் என்று வைத்துக்கொண்டாள். கல்யாணமான பெண்களுக்கு அந்தச் சொல் ரொம்ப உபயோகமானது.

*

நோராவிடம் இருந்தது இதுதான்.

டாக்டர் உமான்யா புகார்களை, அவை வந்து சேர்ந்த தேதிப்படி அடுக்கியிருந்தார். மயாமிக்குப் பூ விமானத்தில் மூன்று நாளில் போகும். இங்கிலாந்துக்குக் கப்பலில் மூன்று வாரம் ஆகும். ஒரே காலையில், ஒரே மேசையில், ஒரே ஆள் கட்டிய இரண்டு பெட்டிகளைப் பற்றிய புகார்கள் வெவ்வேறு மாதத்தில் வரும். வந்த தேதிப்படி அடுக்கினால், கல்யாணப் படத்தையும் கருமாதிப் படத்தையும் கலந்து வைத்துவிட்டு இந்த வீட்டில் என்னதான் விசேஷம் என்று யோசிப்பது போலத்தான்.

நோரா ஒவ்வொரு புகார்ப் படத்தையும் பெரிதாக்கி, பெட்டியின் ஓரத்தில் அச்சாகியிருந்த எண்ணைப் பார்த்தாள். அந்த எண்ணுக்குள் பெட்டி கட்டிய தேதி இருந்தது. அதன்படி எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினாள். கலைந்து கிடந்த புள்ளிகள், பள்ளிக்கூட மணி அடித்த மாதிரி, ஓடிப்போய் வரிசையில் நின்றன.

தூங்கிய பெட்டிகள் எல்லாமே திங்கட்கிழமை கட்டியவை. அவற்றில் முதல் பெட்டி, செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் கட்டி இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. எடில்பெர்ட்டோ கைக்குச் சாவி வருவதற்கு முன்பே.

வேறொருத்தியாக இருந்தால் இது போதும் என்று எழுந்திருப்பாள். நோராவுக்கு அண்ணனைத் தெரியும். 'இவன் இல்லையா, சரி, அப்ப யாரு?' என்பார். குற்றவாளிக்கான நாற்காலி காலியாக இருப்பதை அவர் தாங்க மாட்டார். யாரையாவது உட்கார வைத்தாக வேண்டும். ஆளில்லாவிட்டால், இருந்தவனையே திரும்ப உட்கார வைப்பார்.

ஆகவே கெட்ட திங்கட்கிழமைகளைக் கிளறினாள். குளிர் எவ்வளவு, தண்ணீர் எப்படி, எந்தப் பாத்தியின் பூ, எந்த நிறம், யார் கட்டினார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தன. வெப்பமானி மாதக்கணக்கில் ஒரு டிகிரிகூட நெறி தவறாமல் வாழ்ந்திருந்தது.

இன்று காலை அலுவலகத்துக்கு வந்து, வெல்லத் தண்ணியை ஒரு வாய் குடித்தபோதுதான் தோன்றியது. கெட்ட திங்கட்கிழமைகளையே ஏன் குடைய வேண்டும்? நல்ல திங்கட்கிழமைகளும் சில இருக்கின்றனவே. நவம்பரில் அடுத்தடுத்து இரண்டு. டிசம்பர் முடிவில் ஒன்று. ஜனவரியில் ஒன்று. அந்த வாரங்களில் என்ன நடந்தது என்பது இல்லை கேள்வி. என்ன நடக்கவில்லை?

நவம்பரில் அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் எலியோதோரோ இவள் வீட்டுக்குச் சாப்பிட வந்து, சூப்பில் உப்பு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அது நன்றாக ஞாபகம் இருந்தது. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஊரிலேயே இருக்க மாட்டார்.

அண்ணிக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும். நவம்பர்ல ரெண்டு ஞாயிறு அண்ணா இங்கயே இருந்தாரே..."

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் சட்டென்று நின்றது.

"ஏன்? யாரு பாத்தது?" என்றாள் அம்பாரோ.

"யாரும் எதையும் பாக்கல அண்ணி."

"ஒண்ணும் இல்லாமலா காலங்காத்தால போன் பண்ற? சொல்லு. நான் தாங்கிக்குவேன். எந்த ஊர்க்காரி?"

"ஐயோ, நான் கார்னேஷனப் பத்திக் கேக்கறேன் அண்ணி."

"நீ எதப் பத்தி வேணா கேளு. நான் பதில் சொல்றேன், எனக்கு எல்லாம் மனப்பாடம். நவம்பர்ல மலை சரிஞ்சு ரோட்டை மூடிட்டாங்க, அந்த ரெண்டு வாரம் போகல. கிறிஸ்துமஸ் முடிஞ்சு என்னயக் கார்த்தஹேனா கூட்டிட்டுப் போனாரு, அப்பப் போகல. ஜனவரியில ஒரு வாரம் மூட்டு வலின்னு படுத்தாரு. மத்த எல்லா ஞாயிறும் வெக்கைச் சீமையில, பண்ணையில இருந்தாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "பண்ணையில இருந்ததா சொல்றாரு."

நோரா காகிதத்தில் குறித்துக்கொண்டாள். நல்ல வாரங்களோடு அப்படியே பொருந்தியது. ஒரு வாரம்கூடப் பிசகவில்லை. அறிவியல் சந்தேகத்தில் எப்போதும் ஓர் ஓட்டை இருக்கும். குடும்பச் சந்தேகத்தில் அதெல்லாம் கிடையாது.

"அங்கேருந்து வரும்போது என்ன கொண்டு வருவாரு அண்ணி?"

"என்னத்தக் கொண்டு வருவாரு? அந்தப் பாழாப்போன சீத்தாப்பழந்தான். ஈ மொய்க்குது, வீட்டுக்குள்ள விடமாட்டேன்னு கறாரா சொல்லிட்டேன். எங்கயோ கொண்டு போய் வச்சிக்கிறாரு."

எங்கே என்று நோராவுக்குத் தெரியும். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

*

மலைக்குக் கீழே, வெக்கைச் சீமையில் இருக்கிற அந்தப் பண்ணை எலியோதோரோவின் பெருமை. அங்கே அவர் தம் கையாலேயே சீத்தாப்பழம் பறிப்பதாகச் சொல்வார். ஞாயிறு சாயங்காலம் ஜீப்பில் பெட்டி பெட்டியாக ஏற்றி வந்து, சாவிக்காரனைத் திறக்கச் சொல்லி, தண்ணீர் அறையில் இறக்கிவைப்பார். குளிர் அறையில் வைத்தால் பழம் கறுத்துவிடும்; தண்ணீர் அறைதான் அதற்கு இதமான குளிர்ச்சி. திங்கள் காலையில் வேலைக்காரர்களையெல்லாம் முற்றத்தில் நிறுத்தி, உழைப்பைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் சிறிது பேசிவிட்டு, ஆளுக்கொரு பழம் கொடுப்பார். சிறிது என்பது அவர் கணக்கு. பேச்சு முடிவதற்குள் பழம் இன்னும் கொஞ்சம் கனிந்துவிடும்.

அந்தத் தண்ணீர் அறையில், சனிக்கிழமை வெட்டிய கார்னேஷன்கள் வாளி வாளியாகத் தண்ணீரில் நிற்கும். ஞாயிறு விடுமுறை, அறை பூட்டியே கிடக்கும். திங்கள் காலையில்தான் எடுத்துப் பெட்டியில் கட்டுவார்கள்.

ஒரு பக்கம் பூ. இன்னொரு பக்கம் பழுக்கிற பழம். நடுவே இரவு முழுக்கத் திறக்காத கதவு.

பழம் பழுக்கும்போது ஒரு மூச்சு விடும். எத்திலீன் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். காய்களைக் கூட்டமாக மூடி வைத்தால் ஒன்றைப் பார்த்து ஒன்று கனிவது அந்த மூச்சினால்தான். பழத்துக்கு அது பருவம். கார்னேஷனுக்கு அது மூப்பு. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் இதைப் படித்தவர்கள்தான். தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் அது பழத்தைப் பற்றிய பாடம். இவை இயக்குநரின் அன்பளிப்பு. அன்பளிப்பு மூச்சு விடும் என்று யாரும் நினைக்கவில்லை. நோராவே திங்கள்தோறும் ஒன்று வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். இனிப்பாகத்தான் இருந்தது.

இங்கே வந்ததும் மறுபடி நின்றுவிட்டாள். அண்ணன் பழம் கொண்டு வருவது இன்று நேற்று இல்லை, வருஷக்கணக்காக நடக்கிறது. இத்தனை வருஷமும் விழித்திருந்த பூ, செப்டம்பரில் மட்டும் ஏன் தூங்க வேண்டும்? கையில் இருப்பது பாதிக் காரணம். பாதிக் காரணத்தோடு அண்ணன் முன்னால் போவதற்குப் போகாமலே இருக்கலாம்.

எதிர்ச் சுவரில் எலியோதோரோ சிரித்துக்கொண்டிருந்தார். பச்சை இலை பொறித்த சுற்றுச்சூழல் பட்டயத்தை வாங்குகிற படம். ஆகஸ்டு கடைசியில் எடுத்தது.

அந்தப் பட்டயத்துக்காகத்தான் வெள்ளிக் கரைசலை நிறுத்தினார்கள். வெட்டிய கார்னேஷனை வெள்ளி கலந்த மருந்துத் தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தால், அப்புறம் எந்தப் பழத்தின் மூச்சும் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் வெள்ளி மண்ணுக்கு ஆகாது என்று இங்கிலாந்துக் கடைக்காரர்கள் சொன்னார்கள். எலியோதோரோ உடனே நிறுத்தினார். படம் எடுத்துக்கொண்டார்.

பழமும் பழையது, பூவும் பழையது. நடுவில் நின்ற காவல்காரன் போனதுதான் புதிது. காவலை எடுத்தவரும் பழத்தை வைத்தவரும் ஒரே ஆள். இரண்டையும் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்.

மணி பத்தாகப் போயிற்று.

*

கூட்டத்தில் ஐந்தே பேர். தலைமாட்டில் எலியோதோரோ. பக்கத்தில், எந்தக் கூட்டத்துக்கும் வராத அம்பாரோ, இன்றைக்கு உதட்டுச் சாயத்தோடு வந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே டாக்டர் உமான்யா. நோரா. கதவோரம், தொப்பியைக் கையில் பிடித்தபடி எடில்பெர்ட்டோ; அவனை யாரும் உட்காரச் சொல்லவில்லை. மேசை நடுவே, வழக்கம்போல, இரண்டாகப் பிளந்த சீத்தாப்பழங்கள் ஒரு தட்டில்.

"மாப்பிள்ள, இதுல சொந்த விரோதம் எதுவும் கெடையாது" என்று ஆரம்பித்தார் எலியோதோரோ. "என் தங்கச்சி புருஷன் நீங்க. எனக்கு நெஞ்சு வலிக்குது. ஆனா தரவு சொல்லுது. நான் என்ன பண்ணட்டும்?"

"தரவு பேசும்" என்றார் டாக்டர் உமான்யா. "நாமதான் காது குடுக்கணும்."

அவர் பேசத் தொடங்கினார். அவர் பேசிய வேகத்தில் தரவுக்கு வாய் திறக்க இடமே கிடைக்கவில்லை.

மூச்சு வாங்க அவர் நிறுத்திய இடத்தில் நோரா நுழைந்தாள்.

"டாக்டர், அந்தக் கோட்டுக்குக் கீழ இருக்கற தேதி எது? புகார் வந்த தேதியா, பெட்டி கட்டுன தேதியா?"

"முறைப்படி பதிவான தேதி, மேடம்."

"எது பதிவான தேதி?"

"நிகழ்வு பதிவான தேதி."

"எந்த நிகழ்வு டாக்டர்? பூ தூங்குனதா, வெள்ளைக்காரன் கோவிச்சுக்கிட்டதா?"

அம்பாரோ சிரித்துவிட்டாள். எலியோதோரோ அவளைப் பார்த்தார். அவள் அவரை அதைவிட நன்றாகப் பார்த்தாள்.

நோரா தன்னுடைய அடுக்கைத் திரையில் போட்டாள். திங்கட்கிழமைகள் சிவப்பாக எழுந்து நின்றன. முதல் சிவப்பைக் காட்டினாள். அதற்கு எத்தனையோ நாள் தள்ளி, எடில்பெர்ட்டோ சாவி வாங்கிய நாளைக் காட்டினாள்.

"இவரு வாரம் பூரா வேலை பாக்கறாரு. இவருதான் காரணம்னா வாரம் பூரா தூங்கணும். திங்கக்கிழமை மட்டும் சோம்பேறியாகறதுக்கு இவரு என்ன பள்ளிக்கூடப் பையனா?"

எலியோதோரோ திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு, எதிர்பார்த்தபடியே கேட்டார்.

"சரி. அப்ப யாரு?"

"யாரும் இல்லண்ணா. இது."

தட்டைக் காட்டினாள்.

கொஞ்ச நேரம் ஒருவருக்கும் புரியவில்லை. அவள் பழத்தின் மூச்சைச் சொன்னாள், பூட்டிய அறையைச் சொன்னாள், நிறுத்திய வெள்ளியைச் சொன்னாள். டாக்டர் உமான்யா வாயருகே கொண்டுபோன துண்டை மெதுவாகத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"பழமா?" எலியோதோரோவின் குரல் உயர்ந்தது. "என் பழத்தயா சொல்ற? இந்தப் பழத்த ஆயர் சாப்பிட்டிருக்காரு, தெரியுமா? ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு!"

"ஆயருக்கு ஒண்ணும் ஆகலண்ணா. பூவுக்குத்தான் ஆச்சு."

"எல்லா வாரமும் நான் பழம் கொண்டாரதே கெடையாது. பாதி ஞாயிறு வெறுங்கையோடதான் வந்திருக்கேன். இது வீண் பழி. இத நான் ஒத்துக்க முடியாது."

"வெறுங்கையோடவா?" என்றாள் அம்பாரோ.

அவள் குரல் மிக மென்மையாக இருந்தது. அறையில் எல்லாரும் ஏதோ ஒரு காகிதத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"பழம் பறிக்கத்தானே போறேன்னு ஞாயித்துக்கெழம ஆனா கெளம்பினீங்க? பாதி வாரம் பழம் வரலன்னா, பாதி வாரம் அங்க என்னத்தப் பறிச்சிட்டு இருந்தீங்க?"

எலியோதோரோ மனைவியைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். சிவப்பாக நிற்கும் திங்கட்கிழமைகளைப் பார்த்தார். அரசியலுக்குப் போக அவருக்கு வெகுநாளாக ஓர் ஆசை உண்டு; அது முழுக்க வீண் இல்லை. இரண்டு தீமைகளில் சின்னது எது என்று கண்டுகொள்ள அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"எல்லா ஞாயிறும் கொண்டாந்தேன்" என்றார். "பெட்டி பெட்டியா. ஒரு வாரங்கூட விடல."

"ரோடு மூடின வாரம்?"

"அந்த வாரம் தவிர. கார்த்தஹேனா தவிர. மூட்டு வலி தவிர."

"அந்த வாரங்கள்லதான் பூ தூங்கலண்ணா" என்றாள் நோரா.

ஒருவர் தன் மேல் குற்றத்தை இவ்வளவு உறுதியாகச் சுமந்துகொண்டதை அந்த அறை அதுவரை பார்த்ததில்லை. அம்பாரோ திருப்தியாக நாற்காலியில் சாய்ந்தாள்.

"என் ஆய்வுலயும் ஒரு வெளிக்காரணி இருக்கலாம்னு வருது" என்றார் டாக்டர் உமான்யா.

"எந்தப் பக்கத்துல டாக்டர்?"

"அடிக்குறிப்புல, மேடம். சின்ன எழுத்துல."

அதன் பிறகு எல்லாம் சீக்கிரமாக நடந்தது. எலியோதோரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, தவறுகளிலிருந்து கற்றுக்கொள்கிற நிறுவனமே உயரும் என்றார். தண்ணீர் அறையில் இனி உண்ணும் பொருள் எதுவும் வைக்கக் கூடாது என்று ஆணையிட்டார். ஏதோ மற்றவர்கள் வைத்துக்கொண்டிருந்த மாதிரி. இங்கிலாந்துக்காரர்களுக்கு எழுதும் பதிலில் 'இயக்குநரின் பழங்கள்' என்று நோரா போட்டிருந்ததை அடித்துவிட்டு, இடது கையால், 'ஓர் உயிரியல் மூலம்' என்று எழுதினார். எல்லாப் புகார்களின் முழு அடுக்கும் திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள்.

"எல்லாத்தயும் அனுப்பு. மயாமியில ஏஜென்ட் வச்சிருக்கற பட்டியலையும் சேத்து அனுப்பு. நமக்கு மறைக்க ஒண்ணுமில்ல" என்றார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "மாப்பிள்ள, நீங்க உங்க வேலையப் பாருங்க. நடந்தத மனசுல வச்சுக்காதீங்க" என்றார். மன்னிப்புக் கேட்பதற்கு அவ்வளவு நெருக்கமாக அவர் இதுவரை வந்ததில்லை.

"சரிங்க" என்றான் எடில்பெர்ட்டோ.

நோரா அவன் முகத்தைத் தேடினாள். ஒரு சிரிப்பு, குறைந்தது ஒரு பெருமூச்சு. அவன் அவளைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிவப்பு நாட்களை அல்ல. நடுவில் இருந்த வெற்று வாரங்களை. அப்புறம் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

*

மயாமி ஏஜென்டின் பட்டியல் மாலை நாலு மணி வாக்கில் வந்தது. அந்த மனிதர் நோரா இரண்டு நாளாகக் கேட்டும் அனுப்பாமல், எல்லாம் முடிந்த பிறகு, மின்னஞ்சலில் ஒரு மஞ்சள் சிரிப்பு முகத்தோடு அனுப்பிவைத்தார்.

அவற்றையும் தன் அடுக்கில் சேர்த்தாள். ஒவ்வொன்றாகப் போய்த் திங்கட்கிழமைகளில் உட்கார்ந்தன. இந்த வேலையில் கிடைக்கிற சுகம் இதுதான். ஒரு காரணம் சரியாக இருந்தால், முன்பின் தெரியாத புள்ளிகூட வீடு கண்டுபிடித்து வந்துவிடும்.

கடைசிப் பெட்டி வரவில்லை.

அது தனியாக, நவம்பரின் நடுவில், ஒரு வியாழக்கிழமையில் போய் நின்றது. மலைச்சாலை மூடியிருந்த வாரம். அந்த வாரம் முழுத் தோட்டத்திலும் ஒரு சீத்தாப்பழம் கிடையாது.

தேதியைத் தப்பாகப் படித்திருப்போம் என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எண் தெளிவாக இருந்தது. இதழ்களும் தெளிவாகச் சுருண்டிருந்தன. வியாழன் காலையில் கட்டிய பெட்டி. அப்படியென்றால், அந்தப் பூக்கள் அதற்கு முந்தின இரவு பூட்டிய தண்ணீர் அறையில் இருந்திருக்கின்றன. அவற்றோடு வேறு ஏதோ ஒன்றும் இருந்திருக்கிறது. அதே மூச்சை விடுகிற ஒன்று: பழுக்கிறது, அல்லது எரிகிறது, அல்லது புகைகிறது. நவம்பரில் அந்தச் சாவி ஒரே ஓர் ஆளின் இடுப்பில்தான் தொங்கியது.

ஒற்றைப் புள்ளியை வைத்து எதையும் சொல்லக் கூடாது என்று கல்லூரியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். விமான நிலையத்தில் யாரோ அந்தப் பெட்டியை வெயிலில் போட்டிருக்கலாம். மயாமியில் யாராவது வாழைப்பழத்தோடு வைத்திருக்கலாம். எதுவும் நடந்திருக்கலாம். அந்த வரியை மட்டும் நீக்கிவிட்டால் அடுக்கு மிக அழகாக இருக்கும் என்பதையும் கவனித்தாள். டாக்டர் உமான்யாவின் கோடு போல, மிக நேராக.

நீக்கவில்லை. அனுப்பவும் இல்லை. கணினியை அப்படியே மூடிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

எடில்பெர்ட்டோ அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். வீடு தங்கிய நாள். கோழி வாங்கி வந்து அடுப்பில் சூப் கொதிக்கவிட்டிருந்தான். மல்லித்தழை வாசம் வாசல்வரை வந்தது.

"உங்கண்ணன் மறுபடி வந்து கையக் குலுக்கிட்டுப் போனாரு" என்றான். "வீங்கின கையால. நல்லா அமுக்கிவிட்டேன்."

நோரா சிரித்தாள். அவனும் சிரித்தான். காலையிலிருந்து இப்போதுதான் அவன் முகத்தில் அவனே இருந்தான்.

"மயாமிப் பட்டியல் வந்துச்சு" என்றாள், சால்வையை ஆணியில் மாட்டியபடி.

"ம்."

"எல்லாம் திங்கக்கிழமதான். ஒண்ணே ஒண்ணு மட்டும் ஒட்டல. நவம்பர்ல, ரோடு மூடியிருந்தப்பக் கட்டுன பெட்டி."

"ஒண்ணுதானே. போகட்டும்."

"முழுசா அனுப்பச் சொல்லியிருக்காரு அண்ணா. அவங்க கேப்பாங்க. அந்த வாரம் ரூம்ல வேற எதாச்சும் இருந்துச்சா? உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

அவன் ஒரு பூட்ஸைக் கழற்றி, தலைகீழாகப் பிடித்து, உள்ளே இல்லாத கல்லைத் தட்டினான். சூப்பின் மூடி கடகடவென்று ஆடியது. எழுந்து போய்த் தீயைக் குறைக்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

"நவம்பர்ல நடந்ததெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு நோரா" என்றான். அடுத்த பூட்ஸுக்குக் குனிந்தான். குனிந்தபடியே சொன்னான்:

"அந்தப் புதன்கிழம ராத்திரி நான்தான் பூட்டினேன். உள்ள ஒண்ணும் இல்ல."

நோரா அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெட்டி எந்தக் கிழமை கட்டியது என்று அவள் சொல்லியிருக்கவில்லை.